பையன் தண்ணீரைச் சுமக்கிறான்

நெய்வேலி
14 ஜூலை 2013

முதலில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிற குருமட அதிபர் தந்தை அவர்களுக்கு என் பணிவான வணக்கம். படித்ததும் தம்பியிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புள்ள தம்பி ரெஜினுக்கு,

அக்கா லிடியா எழுதுவது. அப்பாவுக்கு ஆறாம் மாதப் பூசை போன ஞாயிறு வைத்தோம். அப்பாவோடு சுரங்கக் கன்வேயரில் வேலை பார்த்தவர்கள் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். அப்பா இருந்தால் அவரும் தூங்கியிருப்பார் என்று அம்மா சொல்லிவிட்டு அழுதார்கள்.

போன வாரம் மாதாந்திரப் போனில் உன்னோடு பேசி முடித்ததும் அதிபர் தந்தை போனை வாங்கி, லத்தீன் தேர்வில் நீ நூற்றுக்குப் பதினொன்று எடுத்திருப்பதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மற்ற பாடங்களில் எல்லாம் நீ நன்றாக இருக்கிறாயாம். ஏப்ரலில் நடக்கும் ஆண்டுத் தேர்வில் லத்தீனில் தேறாதவர்களைக் குருமடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அம்மா போனை வைத்துவிட்டு மாதா படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தவர்கள்தான். சோறு குழைந்து அடிப்பிடித்த வாசனை வந்த பிறகு நான் போய் இறக்கினேன். நீ கைக்குழந்தையாகக் காமாலையில் கிடந்தபோது, பிழைத்தால் குருவாக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள். அந்த நேர்ச்சை இப்போது பதினொரு மார்க்கில் வந்து நிற்கிறது.

நீ விட்டுப்போன பழைய லத்தீன் இலக்கணப் புத்தகத்தை நான் இரண்டு வருஷமாகப் படிக்கிறேன். விடுமுறைக்கு வந்தபோது பார்த்துச் சிரித்தாய். ரோமாபுரியில் சாதாரண ஜனங்கள் கல்லறைகளில் செதுக்கிவைத்த இரண்டு வரிக் கவிதைகளை நேரே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. அதைத் தவிர அதில் எனக்கு வேறு லாபம் இல்லை. ஆனால் படித்தது வீண்போகாமல் உனக்காவது உதவட்டும்.

அங்கே உங்களுக்கு இங்கிலீஷ் வழியாகச் சொல்லித்தருகிறார்கள். கோளாறு அதில்தான். கம்மாபுரத்திலிருந்து நெய்வேலிக்கு வரவேண்டியவனைச் சென்னைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரச் சொல்வது போல. இந்த வாக்கியத்தைப் பார்: பூயெர் அக்வாம் போர்த்தாத். பூயெர் பையன், அக்வா தண்ணீர், போர்த்தாத் சுமக்கிறான். இங்கிலீஷில் சொல்ல வினையைப் பிடுங்கி நடுவில் வைக்க வேண்டும். பையனுக்கு முன்னால் 'எ' போடுவதா 'தி' போடுவதா என்று யோசிக்க வேண்டும். தமிழில் எதையும் நகர்த்த வேண்டாம். பையன் தண்ணீரைச் சுமக்கிறான். அக்வா என்பது அக்வாம் ஆனதே, அந்த 'ம்'தான் நம்முடைய 'ஐ'. பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று ஒப்பித்தோமே, அதேதான். சொல்லின் வாலைப் பார்க்கப் பழகு. இடம் மாற்றி அக்வாம் பூயெர் போர்த்தாத் என்று எழுதினாலும் தண்ணீர் பையனைச் சுமந்துவிடாது.

மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதலில் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் வினையைப் பிடி. செய்தது யார் என்பதை வினையே சொல்லிவிடும். போர்த்தோ, சுமக்கிறேன். போர்த்தாஸ், சுமக்கிறாய். போர்த்தாத், சுமக்கிறான். நான், நீ, அவன் என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை, நம்மைப் போல.

பின்பக்கத்தில் பத்து வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். செய்து அனுப்பு.

உன் அன்பு அக்கா
லிடியா


குருமடம்
28 ஜூலை 2013

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு நிறைந்த அக்காவுக்கும் பாசமிகு அம்மாவுக்கும் ரெஜின் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நான் இங்கு நலம். தங்கள் நலத்திற்காக நாள்தோறும் வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதிபர் தந்தை அவர்கள் அதை மிகவும் பாராட்டினார்கள். பாடப் பகுதியை நகலெடுத்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்து, தாமே வாசித்தும் காட்டினார்கள். சகோதரர்கள் பலருக்கு இப்போது எளிதாக இருக்கிறது. நான்தான் மந்தபுத்தி உள்ளவன். எனக்காக அக்கா சிரமப்பட வேண்டாம். வீட்டு வேலைகளுக்கிடையே தங்களுக்கு இது பாரமாக இருக்கும். இறைவனுக்குச் சித்தமானால் தேறுவேன். சித்தமில்லையானால் அதையும் பணிவோடு ஏற்றுக்கொள்ள நாம் அனைவரும் நம்மைத் தயார் செய்துகொள்வது நலம்.

அன்புடன்
சகோ. ரெஜின்


4 ஆகஸ்ட் 2013

அக்கா,

இது ரெக்டர் கைக்குப் போகாம வர்ற லெட்டர். ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊருக்கு ஞானோபதேசம் சொல்லிக்குடுக்கப் போவோம். அங்க பஸ் ஸ்டாப்புல கலியமூர்த்தின்னு ஒருத்தர் டீக்கடை வெச்சிருக்கார். அவர்தான் தபால்ல போடறார். பதில் அவர் கடை அட்ரஸுக்கே எழுது, கீழ இருக்கு. அவர் என்னைய ஏதோ லவ் மேட்டர்னு நெனச்சிக்கினு இருக்கார். இருக்கட்டும்.

நீ அனுப்பின பத்து வாக்கியமும் படிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. உன் பாடம் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். நான் பதினொண்ணு எடுக்கறதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டேன்னு உனக்குத் தெரியாது. முட்டை எடுத்தா சந்தேகம் வரும்.

எனக்கு இங்க இருக்கப் புடிக்கலக்கா. சாமி மேல கோபம் எல்லாம் இல்ல. காலையில எழுந்து அங்கிய மாட்டினா வேற யாரோட சட்டையவோ போட்டுக்கினு நிக்கிற மாதிரி இருக்கு. நேர்ந்துவிட்ட கிடாவுக்காவது ஒரு நாளோட முடிஞ்சிடும். நானா வெளிய வரேன்னு அம்மாகிட்ட சொன்னா அவங்க உசுரு போயிடும். அப்பா போய் ஏழு மாசம்கூட ஆகல. ஆனா லத்தீன் வரலன்னு இவங்களே அனுப்பிட்டா? அது நான் விட்டது இல்ல. அம்மாவும் சாமி குத்தம்னு பயப்பட மாட்டாங்க. புள்ளைக்கு மண்டையில ஏறல, அவ்ளோதான். உலகத்துல யாருக்கு லத்தீன் ஏறுது?

இதுக்கு மேல எனக்கு வழி இல்ல. நீ பாடம் அனுப்பறத நிறுத்திடு. அது ஒண்ணுதான் நான் கேக்கறது. உன் லெட்டர ரெக்டர் க்ளாஸ்ல படிச்சிக் காட்டறாரு, தடியனுங்க எல்லாம் பாஸாயிடறானுங்க, நான் மட்டும் எப்படிப் புரியாத மாதிரி முழிக்கறது?

ரெஜின்


நெய்வேலி
18 ஆகஸ்ட் 2013

அதிபர் தந்தை அவர்களுக்கு வணக்கம். என் சிறு முயற்சியை வகுப்பில் பயன்படுத்தியதற்கு நன்றி. ஒரு விஷயம் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். தம்பி சிறு வயதிலிருந்தே தெரிந்ததைத் தெரியாதது போல் காட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவன். அடக்கம்தான் காரணம். எழுத்துத் தேர்வில் அது வெளியே வராது. எல்லார் முன்னாலும் கரும்பலகையில் எழுதவைத்தால், பிழையாக எழுத வெட்கப்பட்டுச் சரியாக எழுதிவிடுவான். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் அவனுக்குக் கணக்கு வந்தது.

அன்புள்ள தம்பிக்கு,

உன் அன்பான கடிதம் கிடைத்தது. எனக்குப் பாரமாக இருக்குமே என்று கவலைப்பட்டிருக்கிறாய். பாரம் ஒன்றும் இல்லை. மதியம் பாத்திரம் கழுவி வைத்த பிறகு எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

இன்றைக்கு லத்தீனின் ஆறாவது வேற்றுமை, நம்முடைய ஆறாவது அல்ல. இங்கிலீஷ் புத்தகத்தில் இதற்கு நான்கு பக்கம் விதி போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். தமிழனுக்கு அவ்வளவு தேவையில்லை. நம்முடைய 'ஆல்', 'இலிருந்து', 'இல்' மூன்றும் பார்க்கிற வேலையை லத்தீனில் இந்த ஒருவனே பார்க்கிறான். மற்றவர்கள் லீவு போட்ட ஷிப்டில் அப்பா தனியாக நின்று சமாளிப்பாரே, அப்படி. வாளால், நகரத்திலிருந்து, இரவில். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார், எது பொருந்துகிறதோ அதுதான். பக்கத்தில் இருக்கும் வினை உனக்குக் காட்டிக்கொடுக்கும்.

 நவம்பரில் பெற்றோர் சந்திப்பு ஞாயிறுக்கு அம்மா அச்சுமுறுக்கு சுட்டுக் கொண்டுவருவார்கள். நான் வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது.

வேறு எந்த முகவரியும் எனக்குத் தேவைப்படவில்லை.

உன் அன்பு அக்கா
லிடியா


1 டிசம்பர் 2013

உன்னைய அக்கான்னு எழுத வரல.

மூணு மாசமா தினம் போர்டுல நிக்கறேன். ரெக்டர் சாக்பீஸ நீட்டி, "அடக்கம் போதும் ரெஜின், எழுது"ங்கறாரு. க்ளாஸே சிரிக்குது. நான் தப்பா எழுதினா, "இவ்ளோ அழகா சொல்லித்தர்ற அக்காவுக்கு இப்படி ஒரு தம்பியா"ன்னு ஒரு அரை மணி நேரம். சரியா எழுதிட்டு உக்காந்துடறேன். அந்த டீக்கடைக்காரரு ஒவ்வொரு வாரமும், "இன்னும் பதில் வரலியா தம்பி, விட்டுடு, அது வேற எடம் பாத்துடுச்சி"ன்னு ஆறுதல் சொல்றாரு.

நீ ஏன் இப்படிப் பண்றேன்னு எனக்கு விளங்காமலே இருந்தது. அம்மா மேல இருக்கற பாசம்னு நெனச்சேன். போன ஞாயிறு அம்மா வந்தாங்க. முறுக்கு டப்பாவத் தொறந்து வெச்சிட்டு சாதாரணமா சொல்றாங்க. அப்பா வேலைய வாரிசுக்குக் குடுப்பாங்களாம், ஒரு புள்ளைக்குத்தானாம், அம்மா யாரக் கை காட்டறாங்களோ அவங்களுக்காம். "உன் லத்தீன் பரிச்ச முடியட்டும்னு இருக்கேன் சாமி. நீ இங்கயே நெலச்சிட்டா அவளுக்கு எழுதிக்குடுத்துடறேன். நீ வந்துட்டா உனக்குத்தான். ஆம்பளப் புள்ளைய வெச்சிக்கினு அவளுக்கு எப்படிக் குடுக்கறது, நீயே சொல்லு."

லிடியாவுக்கு இது தெரியுமான்னு கேட்டேன். "அவதான் கம்பெனில போயி எல்லாம் விசாரிச்சிக்கினு வந்தா"ன்னாங்க. எப்போன்னு கேட்டேன். ஜூலைன்னாங்க. உன் மொத லெட்டர் வந்த மாசம்.

வேற லாபம் இல்லன்னு எழுதினியே. அந்த வரிய எடுத்துப் பாத்துக்கினே இருந்தேன்.

இதுவரைக்கும் எனக்கு அந்த வேலை வேணும்னு தோணவே இல்ல. சத்தியமா. வெளிய வந்து பண்ருட்டில பலாப்பழ மண்டியில நின்னாலும் சந்தோஷமா நின்னிருப்பேன். இப்ப வேணும்னு தோணுது. ஏப்ரல்ல பேப்பர வெள்ளையா குடுத்துட்டு வரப்போறேன். போர்டுல எழுதினது நூறு பேரு பாத்திருந்தாலும் பேப்பர்தான் பேசும். வந்து அப்பாவோட ஐடி கார்டு மாட்டின ஆணியிலயே என் கார்ட மாட்டறேன். நீ பாத்திரம் கழுவிட்டு லத்தீன் படி.

ரெஜின்


நெய்வேலி
10 டிசம்பர் 2013

ரெஜின்,

இந்தக் கடிதம் டீக்கடைக்குத்தான் அனுப்புகிறேன். பதில் வந்துவிட்டது என்று அவரும் சந்தோஷப்படட்டும்.

ஆமாம். நீ நினைத்தது அத்தனையும் சரி. உன்னை அங்கேயே உட்காரவைக்கத்தான் பாடம் எழுதினேன். நீ வேண்டுமென்று தோற்கிறாய் என்பதைப் பதினொன்று என்ற எண்ணைக் கேட்டபோதே ஊகித்துவிட்டேன். எல்லாவற்றிலும் எழுபது எடுப்பவனுக்கு ஒன்றில் மட்டும் பதினொன்று வராது. கடிதங்களை அதிபர் படிக்கிறார் என்பது எனக்கு வசதியாக இருந்தது. உனக்கு எழுதியதாக எல்லாரும் நினைத்தீர்கள். நான் அவருக்குத்தான் எழுதினேன்.

இனி என் பக்கத்தைக் கேள். உன்னைக் கடவுளுக்கு என்று எடுத்துவைத்த வீட்டில் நான் மிச்சம். மீன் குழம்பில் நடுத்துண்டு உனக்கு, சாமியாராகப் போகிற பிள்ளை என்று. உனக்கு எழுத மேசை. எனக்கு அரிசி டின். அந்த டின்மேல் வைத்துத்தான் கணக்கில் டிகிரி வாங்கினேன். அதை ஒரு குறையாக நான் சொன்னதில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

ஜூன் மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், பொய்யாகவும் இருக்காது. என் புத்தக அலமாரியைப் பார்த்து, "இவ்வளவும் பழைய பேப்பர் கடையில் போட்டா ஒரு தங்கக் காசு வாங்கலாம் போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்கள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன நான், சமையலறையில் நின்றுகொண்டு என் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை முழுதாகப் பார்த்துவிட்டேன். அதில் கொடுமை எதுவும் இல்லை. ஒரு புத்தகமும் இல்லை.

நீ வந்தால் வேலை உனக்கு. குவார்ட்டர்ஸ் உனக்கு. நான் நெல்லிக்குப்பம் பஸ். அப்பா பதினைந்து வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனவர். அதில் கடைசி வருஷங்களில் தினமும் அவர் சாப்பாட்டுக் கேரியரைக் கேட்டுக்குக் கொண்டுபோனது யார்? நீ அப்போது சின்னக் குருமடத்தில் பாட்டு கற்றுக்கொண்டிருந்தாய்.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன். பேப்பரை வெள்ளையாகக் கொடுக்காதே. தோற்றுப்போய் வராதே. நேரே வீட்டுக்கு வா. அம்மா முன்னால் நின்று, "எனக்குக் குருவாகப் பிடிக்கவில்லை, நான் திரும்பிப் போகமாட்டேன்" என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டால் அன்றைக்கே வேலையை உனக்கு விட்டுத்தருகிறேன். நெல்லிக்குப்பத்துக்காரரிடம் நானே போன் செய்து சம்மதம் சொல்கிறேன். மாதாமேல் சத்தியம்.

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் சத்தியம் செய்கிறேன்.

பாடங்களை நான் பொய்யாகச் சொல்லித்தரவில்லை. அதை மட்டும் நம்பு. அந்த மொழி எனக்கு உயிர். அதை ஆணியாக அடித்தது எனக்கே வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

லிடியா


27 ஏப்ரல் 2014

பரிச்ச முடிஞ்சிடுச்சி.

நான் வீட்டுக்கு வந்து சொல்லல. கிறிஸ்மஸ் லீவுல மூணு நாள் அங்க இருந்தப்ப நீ என்னையே பாத்துக்கினு இருந்தது எனக்குத் தெரியும். மத்தியானம் அம்மா தனியா உக்காந்து பீன்ஸ் நாரு உரிச்சிக்கினு இருந்தாங்க. நான் பக்கத்துல போயி உக்காந்தேன். "என்ன சாமி"ன்னாங்க. என்னைய சாமின்னுதான் கூப்பிடறாங்க, பேரு சொல்றதே இல்ல. "ஒண்ணுமில்லம்மா"ன்னேன். நீ சமையல்கட்டுல இருந்து வெளிய வந்து ரெண்டு பேருக்கும் டீ குடுத்த. ஜெயிச்ச மாதிரிகூட மூஞ்ச வெச்சிக்கல.

அதனால வெள்ளப் பேப்பர்தான் கதின்னு ஹால்ல போயி உக்காந்தேன். பேனாவக்கூட மூடியே வெச்சிருந்தேன். மொழிபெயர்ப்புக்கு ஒரு பத்தி குடுத்திருந்தாங்க. ஒரு காவக்காரன். சண்டை வருதுன்னு ஊரு ஜனமெல்லாம் காலி பண்ணிக்கினு போயிடுது. அவனுக்கு யாரும் சொல்லல. அவன் வாசலத் தொறக்காம காவல் நிக்கறான். படிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கண்ணு போச்சி. கடைசி வார்த்தைக்குப் போயி வினையப் புடிச்சி, அங்கேருந்து வாலு வாலா பின்னாடி வந்துட்டேன். நான் மொழிபெயர்க்கல. பேப்பர்லயே அது தமிழ்ல இருந்துச்சி. அந்த ஆளு வாசல்ல நின்னுக்கினு கையால வெயில மறைச்சி ரோட்டப் பாக்கறது தெரியுது. தெரிஞ்சத எழுதாம எப்படி உக்காந்திருக்கறது? மூடியத் தொறந்துட்டேன். மணி அடிச்சப்ப மூணு பக்கம் எழுதியிருந்தேன்.

நீதான் இத எனக்குள்ள போட்டு வெச்சிட்ட. எடுத்து வெளிய போட முடியல.

தொண்ணூத்தி நாலு. க்ளாஸ்ல ஃபர்ஸ்ட். ரெக்டர் அம்மாவுக்குப் போன் பண்ணிட்டாராம். நீ இந்நேரம் கையெழுத்து வாங்கியிருப்ப.

ரெஜின்


நெய்வேலி
18 ஜனவரி 2015

ரெஜின்,

இதையும் டீக்கடைக்கே அனுப்புகிறேன்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். மைன்ஸ் பக்கம் இல்லை, ஆபீஸ். ஐடி கார்டு போட்டோவில் அப்பாவைப் போலவே இருக்கிறேன் என்று செக்‌ஷனில் ஒருவர் சொன்னார். ஆணியில் மாட்டிவிட்டேன். குவார்ட்டர்ஸும் என் பெயருக்கு மாறிவிட்டது. நெல்லிக்குப்பத்துக்காரருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அழைப்பிதழ் வந்தது, போய் வந்தோம், நல்ல சாப்பாடு.

நீ இனி வரலாம். உண்மையாகவே சொல்கிறேன். வரும்போது அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள். நான் ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தால் நல்லது. ஹாலில் படுத்துக்கொள்ளலாம். அறையில் என் மேசையைப் போட்டிருக்கிறேன்.

பாடங்கள் இத்தோடு முடிந்தன. மாலையில் என் கவிதைகளை எடுத்து வைத்து உட்கார்கிறேன். ஒரு அடிமைப் பெண்ணின் கல்லறை வரி இரண்டு மாதமாக வசப்படாமல் நிற்கிறது. எனக்கு வேறு நேரம் இல்லை.

லிடியா


குருமடம்
15 ஆகஸ்ட் 2015

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு நிறைந்த அக்காவுக்கு,

மாதாவின் விண்ணேற்புத் திருநாள் வாழ்த்துகள். இத்துடன் ஒரு நூலின் இரண்டு படிகளை அனுப்பியுள்ளேன். ஒன்று அம்மாவுக்கு. 'தமிழ் வழியே இலத்தீன்: முதற்பாகம்'. தாங்கள் அன்று கடிதங்களில் எழுதியவற்றை வரிசைப்படுத்தி அதிபர் தந்தை அவர்கள் அச்சிடச் செய்தார்கள். மற்ற குருமடங்களிலிருந்தும் கேட்டு எழுதுகிறார்கள். இந்த ஆண்டு முதல் இளைய சகோதரர்களுக்கு இலத்தீன் கற்பிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது.

அட்டையில் என் பெயர் இருப்பதைக் காண்பீர்கள். அதிபர் தந்தை அவர்கள் முதலில் தங்கள் பெயரைத்தான் போடச் சொன்னார்கள். அக்கா தன்னை வெளிக்காட்டிக்கொள்ள விரும்பாதவர், புத்தகத்தில் பெயர் வந்தால் மனம் வருந்துவார் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். தங்கள் சுபாவம் தம்பிக்குத் தெரியாதா? முன்னுரையில் குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி சொல்லியுள்ளேன்.

இரண்டாம் பாகம் விரைவில் தேவைப்படுகிறது. அதை எழுத என்னால் இயலாது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். தாங்கள்தான் எழுதித்தர வேண்டும். சில நாட்களாக எனக்கு என் இறை அழைத்தலைக் குறித்து மனச்சோர்வு உண்டாகிறது. இலத்தீன் பணி ஒன்றே என்னை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. அதுவும் இல்லையெனில் நான் வீடு திரும்ப நேரிடுமோ என்று அஞ்சுகிறேன். அப்படி நேர்ந்தால் அம்மாவின் உடலும் மனமும் என்ன ஆகும், அந்த வீட்டில் நாள்தோறும் அதை அருகிருந்து பார்க்கப்போவது யார் என்பதை எண்ணி எனக்காக வேண்டிக்கொள்ளவும்.

கலியமூர்த்தி அவர்கள் கடையை மூடிவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டார். ஆகவே தாங்கள் வழக்கமான முகவரிக்கே எழுதலாம். நமக்குள் மறைக்க இனி என்ன இருக்கிறது?

அன்புடன்
சகோ. ரெஜின் தைரியநாதன்


நெய்வேலி
30 ஆகஸ்ட் 2015

அதிபர் தந்தை அவர்களுக்கு என் பணிவான வணக்கம். புத்தகங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அச்சு அழகாக இருக்கிறது. என் பெயரைப் போட நினைத்த தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. தம்பி சொன்னது சரிதான்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அட்டையில் இருக்கும் உன் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். இப்போது அது திருஇருதயப் படத்துக்குக் கீழே, அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் ஜெபமாலை முடிந்ததும் அதை எடுத்து என் கையில் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்கிறார்கள். நான் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு படிக்கிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வள்ளியம்மாள் அக்காவும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பூயெர் அக்வாம் போர்த்தாத் என்பது அம்மாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. குழாயடியில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

நேற்று கம்மாபுரம் உதாரணம் வரும் பக்கம். படித்து முடித்ததும் அம்மா என்னைப் பார்த்து, "எவ்ளோ சுலபமா சொல்லிக்குடுத்துக்கினு போறான் பாருடி எம்புள்ள. உனக்குப் புரியுதா?" என்றார்கள்.

புரியுதும்மா என்றேன்.

"தம்பியோட அந்தப் பழைய புத்தகத்த வெச்சிக்கினு ரெண்டு வருசம் முழிச்சிக்கினு கெடந்தியே. அப்பவே தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

கேட்டிருக்கலாம் என்றேன்.

இரண்டாம் பாகம் எழுதுகிறேன். என் கவிதைகளைக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். இரண்டுக்கும் நேரம் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறவளால் மொத்தமாக எழுதி அனுப்ப இயலாது என்பதை அதிபர் தந்தை அவர்கள் பொறுத்தருள வேண்டும். மாதம் ஒரு பாடம் அனுப்புகிறேன். உட்கார்ந்து ஒரு பாடத்திட்டமும் போட்டுவிட்டேன். அவசரப்படாமல் போனால் கடைசிப் பாடம் தம்பி குருப்பட்டம் பெறுகிற ஆண்டில் வருகிறது. பட்டத்துக்கு மறுநாள் அவன் கையில் கிடைக்கும்படி தபாலில் சேர்ப்பேன்.

உன் மனச்சோர்வைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அம்மா பயப்படவில்லை. பாடத்திட்டத்தைக் காட்டி, கடைசிப் பாடம் வரை தம்பி அங்கே இருந்துதான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் பாதியில் நின்றுவிடும் என்று விளக்கினேன். அம்மா எழுந்து போய் மாதா படத்தின் முன் முழங்காலிட்டு, புள்ள லத்தீன் முழுசும் முடிச்சிட்டு சாமியாரா வெளிய வந்தா வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன் என்று நேர்ந்துகொண்டார்கள். சர்க்கரை வியாதிக் காலோடு. உன் பேரில் அம்மா வைத்த முதல் நேர்ச்சைக்கு இரண்டாவதாக இதையும் வைத்துக்கொள்.

பட்டத்தன்று புதுக் குருவின் உள்ளங்கைகளை ஜனங்கள் வரிசையாக வந்து முத்தமிடுவார்கள் இல்லையா, முதலில் அம்மா வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் நான் நிற்பேன்.

பாடம் ஒன்று இத்துடன் இருக்கிறது. பயிற்சி வாக்கியங்களை மாணவர்களுக்குக் கொடுக்கும் முன்னால், அதிபர் தந்தை அவர்கள் தயவுசெய்து வகுப்பில் எல்லார் முன்னாலும் தம்பியையே கரும்பலகையில் எழுதவைக்க வேண்டும். அவன் அடக்கம் தாங்கள் அறிந்ததுதான்.

உன் அன்பு அக்கா
லிடியா